பார்வைக்கு வைக்கப்படும்

தவநேசன் இருபது வருடங்களாக ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்காகத் தீயையும் விபத்தையும் அமைச்சர்களின் பல்லையும் படமெடுத்தவர். ஊரார் முகங்களைப் பிடித்துப் பிடித்து அலுத்தவருக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. வேலையை விட்டார். இனிமேல் சொந்த வாழ்க்கையைத்தான் படமெடுப்பேன் என்றார். சொந்த வாழ்க்கை அப்போது குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தது.

"பொறுங்கோ, தலை இழுக்கேல்லை!" என்று கலைந்த முடியோடு மனைவி குணவதி கத்துவதற்குள் கமரா கண் சிமிட்டிவிட்டது.

ஒரு வருடம் கழித்து, தமிழ்ச் சனம் நிறைந்த மல்வேர்னில் ஒரு மண்டபம் எடுத்துக் கண்காட்சி வைத்தார். அதற்கு முதல்நாளே வாசலில் குணவதியின் முகத்தை ஆளுயரத்தில் மாட்டினார். கறுப்பு வெள்ளைப் படம், கறுப்புச் சட்டகம். கலை அப்படித்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். அப்படி மாட்டினால் ஆள் போய்விட்டது என்பது தமிழ்ச் சனத்தின் எண்ணம்.

அன்று பின்னேரமே வீட்டுத் தொலைபேசி அடித்தது. குணவதிதான் எடுத்தார்.

"ஐயோ, குணவதி மோசம் போயிட்டாவாம்! எப்ப எடுக்கினம்?" என்று மில்லிக்கனிலிருந்து ஓர் அன்ரி அழுதார்.

"இவர் எடுத்து முடிச்சிட்டார், அன்ரி. நாளைக்கு மண்டபத்திலை பார்வைக்கு வைக்கிறார். வாங்கோ."

நல்லதுக்கு வராவிட்டாலும் கெட்டதுக்கு வராமல் விடுமா சனம்? மண்டபம் நிரம்பி வழிந்தது. வெள்ளைச் சேலையோடு வந்தவர்களுக்குச் செத்தவரே வாசலில் நின்று தேத்தண்ணி கொடுத்தார்.

"கலைக்கு இவ்வளவு சனமா!" என்று தவநேசன் கண்கலங்கினார்.

"அடுத்தமுறை உங்கட படத்தை மாட்டுவம்," என்றார் குணவதி. "மாலையை நான் வாங்கிறன்."