நான்கு பேருக்கு ஒரு போன்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. "அம்மா நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும் சித்தி, மூணு பக்கம் ஒதுக்கியிருக்கேன்" என்று அக்காவின் மகன் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்த காலமெல்லாம் பிறர் பேச்சுக்கு மூன்று நிமிடம் கொடுத்து, அது முடிந்ததும் "நீட்டிக்கணுங்களா?" என்று கேட்டவர் அக்கா. அவருக்கு மூன்று பக்கம் என்பது சரியான அளவுதான். கொஞ்சம் நீண்டுபோனால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா பொறுத்துக்கொண்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

அக்கா பிறந்தது மேல்பட்டாம்பாக்கத்தில். அப்பா கரும்பு வண்டி ஓட்டினார். எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அக்காவுக்கு அப்போது பதிமூன்று. அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தார். அக்கா நெல்லிக்குப்பத்துப் பள்ளிக்கு நடந்தே போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறினார். எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவர்தான். அக்கா இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, ஆகவே நான் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நெய்வேலியில் ஒரு பக்கம் சுரங்கம் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் டவுன்ஷிப் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் பெண் ஆபரேட்டர்கள் தேவை என்று கேள்விப்பட்டு அக்கா மனுப் போட்டார். நேர்முகத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னார்களாம். அந்தக் குரலுக்கு வேலை கிடைத்தது. ஊரில் பெரியப்பா குதித்தார்.

"வயசுப் பொண்ணு காதுல எதையோ மாட்டிகினு ஊரான் பேச்செல்லாம் கேட்டுகினு ஒக்காந்திருக்கறதா? நம்ம வூட்டுல உண்டா இது?"

அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார். "கேக்கக் கூடாதுங்கறதுதான் பெரியப்பா அங்க மொத வேலை. கேட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

எங்களுக்கு இரண்டு அறை குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அப்போது பிளாக்குகளுக்கு எண் இருந்தது, சாலைதான் இல்லை. செம்மண் புழுதியில் அக்காவின் வெள்ளைப் புடவை சாயங்காலத்துக்குள் காவியாகிவிடும். ஒரு பக்கத்து வீட்டில் மதுரைக்காரர்கள், இன்னொரு பக்கம் கோயம்புத்தூர்க்காரர்கள். அவர்கள் பேச்சை நானும் என் பேச்சை அவர்களும் கேட்டுக் கேட்டுச் சிரிப்போம். எக்ஸ்சேஞ்சில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று நான் எவ்வளவு நச்சரித்தும் அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை. இனி நான் எழுதப் போவதில் கால் பங்குதான் அக்கா சொன்னது. முக்கால் பங்கு அஞ்சலை அம்மா சொன்னது.

அஞ்சலை, டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்து கிராமத்தைச் சேர்ந்தவர். காணி நிலம் இல்லாத குடும்பம். தாயும் மகளும் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் மண் சுமந்தார்கள். இரண்டு வருடம் சுமந்த பிறகு அஞ்சலை ஒருநாள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, வடக்குத்து முனையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, சோறு பொங்கத் தொடங்கினார். பிரம்மச்சாரிகள் இருக்கும் குவார்ட்டர்ஸுக்கும் எங்கள் அக்கா வேலை பார்த்த எக்ஸ்சேஞ்சுக்கும் தலையில் சுமந்து வந்து கொடுப்பார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட இருக்காது. அவருடைய கருவாட்டுக் குழம்பை அக்கா ஒரு தூக்கில் வீட்டுக்குக் கொண்டு வந்தார். நான் வழித்துச் சாப்பிட்டேன். யார் வீட்டுச் சமையல் என்று தெரிந்ததும் அம்மா தொடவில்லை. இதை எழுதாமல் விட்டால் அக்கா ஒப்ப மாட்டார்.

அஞ்சலைக்கு இருந்த பிரச்சினை ஷிஃப்ட். திடீரென்று ஆட்களை மாற்றிவிடுவார்கள். சோற்றைச் சுமந்துகொண்டு போனால் சாப்பிட வேண்டியவர்கள் சுரங்கத்துக்குள் இருப்பார்கள். புதிதாக ஆட்கள் வந்திறங்குவதும் அவருக்குத் தெரியாது, வந்தவர்களுக்கு இவரைத் தெரியாது. ஒரு போன் இருந்தால் தீர்ந்தது என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது. அக்காவுக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

எக்ஸ்சேஞ்சின் சூப்பர்வைசர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். ஒரு கீற்றுக் கொட்டகைக்காக டவுன்ஷிப்புக்கு வெளியே கம்பி இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அக்கா விடவில்லை. கடைசியில் அவர், "நாலு கடைக்காரங்க சேந்து கேட்டா மேல எழுதிப் பாக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா வடக்குத்து முனைக்குப் போய்விட்டார். அஞ்சலை, டெய்லர் கோவிந்தன், சைக்கிள் கடைக்காரர், மோட்டார் காயில் கட்டும் ஓர் இளைஞர். நால்வரிலும் மூத்தவரான டெய்லருக்கே இருபத்தெட்டு வயதுதான். நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு போன், ஒரே எண். டெய்லர் கடைக்குத்தான் பூட்டும் கதவும் இருந்ததால் போன் அங்கே. மேலிடத்திலிருந்து அனுமதி வந்தது. ஆனால் ஆறு மாதம் பார்ப்போம், பேச்சு இல்லையென்றால் கம்பியைக் கழற்றிவிடுவோம் என்று நிபந்தனையோடு வந்தது. போனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். டெய்லர் மீந்த பூப்போட்ட துணியில் சுருக்கம் வைத்து அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டார்.

இரண்டு மாதம் போயிற்று. அந்த எண்ணிலிருந்து ஒரு பேச்சும் வெளியே போகவில்லை. வெளியிலிருந்து வந்த ஒன்றிரண்டுக்கும் "பதில் இல்லை" என்றே பதிவாகியிருந்தது. கடை பூட்டியிருந்திருக்கும் என்று அக்கா நினைத்துக்கொண்டார். அங்கே அஞ்சலையின் தாய், "போனு சோறு போடுமாடி? வர்ற மாசம் என்கூட மண்ணு தூக்க வந்துடு" என்று சொல்லிவிட்டார். இந்த மாதமும் தேறவில்லையென்றால் வந்துவிடுகிறேன் என்று அஞ்சலையும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள், காலை பதினொரு மணி இருக்கும். சுரங்கத்துப் பக்கம் ஒரு காண்ட்ராக்ட் ஆபீசிலிருந்து அக்காவின் போர்டுக்கு அழைப்பு வந்தது.

"வடக்குத்து முனையில சாப்பாட்டுக் கடைக்குப் போன் வந்திருக்காமே, அதக் குடுங்க. நாளைலேருந்து அறுபது ஆளு வர்றாங்க. மூணு மாசம் சாப்பாடு போடணும்."

அக்கா மணியடித்தார். பதில் இல்லை. மறுபடியும் அடித்தார். பதில் இல்லை.

"எடுக்கலன்னா வுடுங்க. பண்ருட்டி ஓட்டலுக்கு ஒரு ட்ரங்க் கால் போட்டுக் குடுங்க."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்கு அஞ்சலை உலையை விட்டு எங்கேயும் போக மாட்டார். "பண்ருட்டி கெடைக்க அரை மணி ஆவுங்க. புக் பண்ணிக்கறேன். அதுக்குள்ள இவங்களையும் புடிச்சிப் பாக்கறேன்," என்றார்.

அந்த நேரத்தில் டெய்லர் கடையில் நடந்ததைக் கேளுங்கள். கடை திறந்துதான் இருந்தது. நான்கு பேரும் முனையில்தான் இருந்தார்கள். மணி அடித்ததும் சைக்கிள் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். காயில் கட்டுபவர் வந்தார். அஞ்சலை அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். டெய்லர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். எல்லோரும் போனைச் சுற்றி நின்று அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கடையில் இருக்கிறது என்பதற்காக நாமே எடுத்தால் போனைச் சொந்தமாக்கிக்கொண்டான் என்பார்கள் என்று டெய்லருக்குத் தயக்கம். கடைக்காரர் இருக்கும்போது நாம் எப்படி எடுப்பது என்று மற்ற இருவருக்கும் தயக்கம். அஞ்சலையின் தயக்கம் வேறு. "அவங்க கடை, அவங்க மேசை. நாம உள்ள போயி தொட்டா என்னா நெனைப்பாங்களோன்னு வாசப்படியிலயே நின்னுகினு இருந்தேன்" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். உறையைக்கூட ஒருவரும் விலக்கவில்லை. மணி அடித்து ஓய்ந்தது. இரண்டு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

இது எதுவும் அக்காவுக்குத் தெரியாது, ஆள் இருந்தும் எடுக்கத் தயங்குகிறார்கள் என்று மட்டும் ஊகித்துக்கொண்டார். வேலை நேரத்தில் ஆபரேட்டர் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது. அக்கா எழுந்தார். பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம், "என் போர்டையும் பாத்துக்கடி, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். வடக்குத்துப் பக்கம் போகிற கம்பெனி பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. டிரைவரிடம், "முனையில டெய்லர் கடையாண்ட ஒரு நிமிஷம் நிறுத்துங்கண்ணே. அஞ்சலைக்குப் போன் வருது, அஞ்சலையே எடுக்கணும்னு எக்ஸ்சேஞ்சுல சொன்னாங்கன்னு சொல்லுங்க" என்றார்.

டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, அத்தனை பேர் கேட்க அதை அப்படியே சொல்லிவிட்டுப் போனார். மணி மறுபடியும் அடித்தது. டெய்லர் கோவிந்தன் தானே உறையைக் கழற்றி, ரிசீவரை எடுத்து நீட்டினார்.

"உள்ள வா அஞ்சல. உனக்குத்தான்."

அஞ்சலை உள்ளே போனார்.

"ஆரு?"

"நான்தான் அஞ்சல. ஒருத்தர் பேசுவாரு. நல்லாக் கேட்டுகினு பதில் சொல்லு" என்று சொல்லி அக்கா இணைப்பைக் கொடுத்தார், தனக்குக் கேட்காதபடி போர்டுச் சாவியைத் தள்ளிவிட்டார். அதற்கு மேல் கேட்கவில்லை. பேச்சு முடிந்தால் எரிகிற சின்ன விளக்கு ஒன்று போர்டில் உண்டு. அது ஏழு நிமிடம் எரியவில்லை. அந்த ஏழு நிமிடம் பதறிய பதற்றம் தன் கல்யாணத்தன்றுகூட இல்லை என்று அக்கா சொல்வார். மாமா பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார்.

ஏழு நிமிடமும் கேள்வி கேட்டவர் அஞ்சலைதான். எந்த ஷிஃப்டில் எத்தனை பேர், எந்த ஊர் ஆட்கள், காலையில் கஞ்சியா இட்லியா, கை கழுவத் தண்ணீர் எங்கே. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "நாளைக்கு அறுவது முடியாதுங்க. பாத்திரம் பத்தாது. நாளைக்கு முப்பது பேருக்குப் போடறேன், நாளான்னிக்கிலேருந்து அறுவது" என்றாராம். முடியாததை முடியாது என்று சொன்ன ஆளிடமே வேலையைக் கொடுக்கலாம் என்று அந்த ஆபீஸ்காரர் நினைத்திருக்க வேண்டும். பண்ருட்டி ட்ரங்க் கால் ரத்தாயிற்று. அஞ்சலை மண் சுமக்கப் போகவில்லை, சில மாதங்களில் அவருடைய தாயும் கூடையை இறக்கி வைத்துவிட்டு மகளின் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

சீட்டை விட்டு எழுந்ததை அக்காவே பதிவேட்டில் எழுதி வைத்தார். சூப்பர்வைசர் மெமோ கொடுத்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஆமா, நாலு பேரும் கடையில இருந்துட்டு ஏம்மா எடுக்கல?" என்று கேட்டார். அக்கா சொன்னார். அவர் சிரிக்கவில்லை. மெமோவைக் கோப்பில் வைத்துக்கொண்டே, "கம்பி இழுத்துப் போனைக் குடுத்தா நம்ம சோலி முடிஞ்சுன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே சைக்கிள் மிதித்து வடக்குத்து முனைக்கு வந்தார். ஒரு நீள மணி அடித்தால் அஞ்சலைக்கு, இரண்டு அடித்தால் டெய்லருக்கு, மூன்று சைக்கிள் கடைக்கு, நான்கு மோட்டார்காரருக்கு என்று வகுத்தார். உரியவர் இல்லையென்றால் யாராக இருந்தாலும் எடுத்து, கேட்டு, அவரிடம் சொல்லிவிட வேண்டும். முதலில் அஞ்சலையை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு முறை பேசச் சொன்னார். எக்ஸ்சேஞ்சில் ஒரு செய்தி நோட்டுப் போட்டார்கள். கடைக்காரர்களுக்கு வரும் செய்தியை மேலிடத்து அனுமதியோடு அதில் எழுதி வைத்து, அவர்கள் கேட்கும்போது படித்துச் சொன்னார்கள். ஆறு மாதம் முடிந்ததும் கம்பியைக் கழற்றவில்லை, இன்னும் இரண்டு முனைகளுக்கு இழுத்தார்கள். மெமோவினால் அக்காவுக்கு உத்தியோக உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. "அந்த மெமோவக் கண்ணாடி போட்டு மாட்டலாம்னு இருக்கேன்" என்பார்.

அக்காவின் மற்ற குணங்களை நீங்களே அறிவீர்கள். முன்கோபி. நேரம் தவறியவர்களை மன்னிக்க மாட்டார். மாமாவோடு நாற்பது வருடம் சண்டை போட்டு ஒரு நாளும் பிரியாமல் வாழ்ந்தார். அந்த எக்ஸ்சேஞ்சுக்கே சூப்பர்வைசராகி ஓய்வு பெற்றார். ஹெட்செட் மாட்டிய இடது காது முதலில் மந்தமாயிற்று, பிறகு வலது.

என் மகள் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் அதிகாரி. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கும் சிறு கடைகளுக்கும் நிறுவனம் என்ன செய்யலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருந்ததால், போன வருடம் பெரியம்மாவிடம் வந்து கேட்டாள். அக்கா படுத்தபடியே சொன்னார். "குடுத்துட்டு வந்துடாதீங்க. எடுக்கறாங்களான்னு பாருங்க. எடுக்கலன்னா ஏன்னு போயிப் பாருங்க."

அக்காவைக் கடைசி மூன்று வாரம் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும், மழையிலும் வந்து தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

அக்காவை எடுத்துச் சென்ற அன்று நண்பகல். வீடு நிறைய மேல்பட்டாம்பாக்கத்து உறவுகள். அடுப்பு எரியவில்லை. கூடத்தில் அக்கா கடைசிவரை அகற்ற விடாத பழைய போன் அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மகன் எடுப்பான் என்று நான், சித்தி எடுப்பாள் என்று அவன், வீட்டுக்காரர்கள் எடுக்கட்டும் என்று உறவினர்கள். அடித்து ஓய்ந்து மறுபடியும் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய் எடுத்தேன்.

"ஆரு, சின்னம்மாவா? எத்தினி பேரு இருக்கீங்க? சின்னப் புள்ளைங்க எத்தினி?"

அஞ்சலை அம்மா. கூடத்தையும் வாசலையும் எண்ணிப் பார்த்து, "அறுபது பேர் இருப்போம்மா" என்றேன்.

"முடியும்மா. இன்னிக்கி அறுவதும் முடியும். வண்டி கெளம்பிடுச்சு."

அன்று அறுபது பேரும் வரிசையாக உட்கார்ந்து அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டோம். பெரியப்பாவின் மகன் ரசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஒருவரும் இலையை விட்டு எழுந்து போகவில்லை. அக்காவுக்கு நாங்கள் செய்த காரியங்களில் குறையில்லாமல் செய்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.