கவுன்சிலுக்கு எழுதிய கடிதம்

லண்டன் டூட்டிங்கில் நாங்கள் முன்பிருந்த கவுன்சில் பிளாட்டின் வெளிச்சுவரில், மேல்வீட்டுப் பாடகர் செத்த பிறகு, அவருடைய முகத்தைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அந்த ஓவியத்தின் திறப்பு விழாவில் அவருடைய பாட்டைப் போட்டதும் எனக்கு உள்ளங்கால்தான் முதலில் அதிர்ந்தது.

என் பதினொரு வயதில் அந்த அதிர்வு சீலிங்கிலிருந்து இறங்கி, அலுமாரியில் எவர்சில்வர் கோப்பைகளைக் கிலுகிலுக்க வைக்கும். மேல்வீட்டுக்காரர் கானா நாட்டிலிருந்து தப்பி வந்த ரெகே பாடகர். இராணுவ ஆட்சியை எதிர்த்துப் பாடியதற்காக அங்கே சிறையில் இருந்தவர். என் சித்தப்பாவை இலங்கைக்கு நாடு கடத்தப் பிடித்தபோது, ஆர்ப்பாட்டத்தில் எங்களோடு மழையில் நின்று பாடிய ஒரே அயலவர் அவர்தான்.

அப்பா இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுப்பவர். கூட்டும் தும்புத்தடியால் சீலிங்கில் இடித்து இடித்து அலுத்துப்போய், தனக்கு இங்கிலிஷ் தெரியாததால் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுது. மேல்வீட்டுக் கறுவலின்ர சத்தம் தாங்கேலாது. குடிச்சிட்டுக் கத்துறான் எண்டும் போடு."

அவர் குடிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அகராதியைப் பார்த்துப் பார்த்து, பெருமையோடு எழுதினேன்.

அந்தக் கடிதத்தால் கவுன்சில் அவரை வீட்டைவிட்டு எழுப்பிவிட்டது. கிட்டாரோடு படியிறங்கிய அன்று எங்கள் வாசலில் நின்று, சித்தப்பாவுக்கு விசா கிடைத்ததா என்று கேட்டார்.

விழாவில் ஒரு நிருபர் அப்பாவிடம் மைக்கை நீட்டினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அருமையான மனுசன். அவரின்ர பாட்டெண்டா எங்களுக்கு உயிர் எண்டு சொல்லு, பிள்ளை."

நான் சொன்னேன். அந்தக் கடிதத்தில் என் இங்கிலிஷில் ஒரு பிழையும் இருக்கவில்லை. இன்றைக்கும் இருக்கவில்லை.