சம்பளக்காரனுக்குக் கால் முளைக்குமா

புதுச்சேரியில் வருமான வரி கட்டுகிற ஒற்றைக்கால் மனிதன் நான் ஒருவன்தான்.

பொய். ஒரு பைசா கட்டியதில்லை. கட்ட ஆசைப்பட்டேன், அது மட்டும் நிஜம். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே கடைக் கணக்குப்பிள்ளையிடம் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சார், எனக்கு வரி எவ்ளோ புடிப்பீங்க?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன் சம்பளத்துக்கா? அதுக்கு உன்ன மாதிரி இன்னும் நாலு பேரு உனக்குள்ள இருந்து வேலை செய்யணும்."

என் ஸ்கூட்டருக்கும் சாலை வரி கிடையாது. பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த வண்டி அது, மாற்றுத்திறனாளிக்குக் கொடுத்தது. ஆக, எந்த வரிக்கும் லாயக்கில்லாத ஆள் நான். பள்ளிக்கூடத்துக்கும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தேன். அந்த வகுப்பைப் பற்றி என்னை எது வேண்டுமானாலும் கேட்கலாம்.

வீடு சாரம் என்கிற பகுதியில். நான் விழுந்ததும் சாரத்திலிருந்துதான். லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கக் கட்டியிருந்த சாரம். நானும் பெயிண்ட் டப்பாவும் ஒன்றாக விழுந்தோம். டப்பா நெளியக்கூட இல்லை. எனக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அதற்குப் பிறகு மாதா மாதம் வருகிற ஊனமுற்றோர் பென்ஷனுக்காகவும், மஞ்சள் ரேஷன் கார்டைச் சிவப்பாக மாற்றவும் நானும் என் மனைவியும் இரண்டு வருஷம் அலைந்தோம். ஏழை என்றால் சிவப்பு, சமாளித்துக்கொள்வான் என்றால் மஞ்சள். கிடைத்த அன்றைக்கு என் மனைவி அந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் சொருகினாள். வீடு பற்றிக்கொண்டால் முதலில் அந்தக் கவரைத்தான் தூக்குவாள். "அதுக்கும் கால் இல்ல, எனக்கும் கால் இல்ல, மொதல்ல என்னைத் தூக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "நீ சோறு கேப்ப, அது போடும்" என்றாள்.

எங்கள் தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அங்கிருந்து பென்ஷன் வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்தால் போதும். நான் உயிரோடு இருப்பதோடு, கால் திரும்ப முளைக்கவில்லை என்றும் காட்ட வேண்டும். அவருக்கு என்னைவிட வேலை கம்மி.

நாலு வருஷம் வீட்டில் இருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை வர்ணித்துக்கொண்டே இருப்பேன். மீன்காரம்மா வருவதை, பூனை அவர் பின்னால் போவதை, அவர் திரும்பினால் பூனை வானத்தைப் பார்ப்பதை. கேட்பதற்கு என் மனைவி ஒருத்திதான். அவளும் மிக்சியைப் போட்டுவிடுவாள்.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஊரே சண்டே மார்க்கெட்டில் இருந்தது. என் மனைவி ஒரு துணிக்கடைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன். அங்கே மைக்கில் கூவுகிற பையன், மைக்கை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம். பசித்தவன் எதிரில் பிரியாணியை வைத்துவிட்டுப் போனால் அது யார் குற்றம்?

"வாங்கம்மா வாங்க! வாங்கலன்னாலும் உள்ள வந்து நில்லுங்க, ஏசி சும்மாதான் ஓடுது! மாமியாருக்கு ஒரு நைட்டி எடுத்தா மருமவளுக்கு ஒரு நைட்டி ஃப்ரீ! சண்டைய மட்டும் கடைக்கு வெளிய வெச்சுக்குங்க!"

போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிரித்தார்கள். உள்ளே போனார்கள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இல்லாத காலில்கூடப் புல்லரித்தது, சத்தியமாக. பத்து நிமிஷத்தில் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. முதலாளி பாய் வெளியே வந்தார். உதைக்கத்தான் வருகிறார் என்று மைக்கை ஸ்டூலில் வைத்தேன்.

"தம்பி, இன்னா வேலை பாக்கற?"

"சும்மா இருக்கற வேலைங்க பாய். நாலு வருஷ அனுபவம்."

அவர் என் செயற்கைக் காலைப் பார்த்தார், பிறகு கடைக்குள் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். "ஸ்டூல்ல ஒக்காந்துக்கினு பேசலாம். நாளைலருந்து வா. மொத மாசம் கையில குடுக்கறேன். சரியா இருந்தா அடுத்த மாசத்துலருந்து பேங்க்லதான், பிஎஃப் எல்லாம் புடிச்சு. என் கடையில எல்லாம் நேராத்தான் இருக்கும்."

வீடு வரைக்கும் ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி வாசலில் இறங்கியதும் ஆரம்பித்தாள்.

"பேங்க்ல போட்டா பென்ஷன் ஆபீசுக்குத் தெரிஞ்சுடும்யா. பென்ஷன நிறுத்திடுவாங்க, கார்ட மஞ்சளாக்கிடுவாங்க. தீவாளி முடிஞ்சதும் பாய் உன்னை அனுப்பிட்டாருன்னா? திரும்பவும் ரெண்டு வருஷம் அலையறதுக்கு எனக்குக் கால் இல்ல."

"எனக்குத்தான் இல்ல, உனக்கு ரெண்டு இருக்குதே."

"வாய மூடு. போறதுன்னா போ. ஆனா ஆபீசுல கேட்டா வேலை இல்லன்னு சொல்லு."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். பென்ஷன் மழையிலும் வரும். ஆனால் எனக்கு அந்த மைக் வேண்டும். இரண்டும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் ஒரு பெரிய திட்டம் போட்டேன். என் திட்டங்களின் லட்சணம் என்னவென்று சாரத்திலிருந்து விழுந்தபோதே ஊருக்குத் தெரியும்.

அந்த மாதமே ஆபீசில் வருஷாந்திரச் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டார்கள். செயற்கைக் காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு போனேன். மூன்று நாள் தாடி. கூடவே இருமல். காலுக்கும் இருமலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஒரு அழகுக்காகச் சேர்த்துக்கொண்டேன். மனைவியும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கூட வந்தாள்.

கவுன்ட்டரில் ஒரு மேடம், தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போறீங்களா?"

"எங்கங்க மேடம்," லொக் லொக், "எழுந்து நிக்கவே முடியல. யாருங்க எனக்கு வேலை குடுப்பாங்க?"

மேடத்தின் பேனா நின்றது. தலையைத் தூக்காமல், "இன்னொரு தபா பேசுங்க" என்றார்.

"யாருங்க எனக்கு..."

"இந்தக் கொரலை எங்கியோ கேட்டிருக்கேனே."

காலைக் கழற்றி வைத்த புத்திசாலிக்குக் குரலைக் கழற்றி வைக்கத் தோன்றவில்லை. அப்படியும் தப்பித்திருப்பேன். பின்னால் வரிசையில் நின்ற ஒரு அம்மா, பாவி மனுஷி, என் தோளைத் தட்டி, "அண்ணே, அந்த நைட்டி ஆஃபர் இன்னும் இருக்குதா?" என்றார்.

கேள்வி காதில் விழுந்ததுதான் தெரியும். வாய் என்னைக் கேட்கவில்லை.

"இன்னைக்கும் உண்டு நாளைக்கும் உண்டு! ஸ்டாக்கு தீர்ற வரைக்கும் உண்டு! வாங்கம்மா வாங்க!"

ஆபீஸே சிரித்தது. வரிசையில் நின்றவர்கள், பியூன், ஃபைல் கட்டிக்கொண்டிருந்தவர். என் மனைவி முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள். இருமல் மட்டும் எங்கேயோ போய்விட்டது. மேடம் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உங்க பேச்சக் கேட்டுட்டு ரெண்டு நைட்டி எடுத்தேன் நான். ஒண்ணு பத்தல."

"மாத்திக் குடுக்கச் சொல்றேன் மேடம்."

"மொதல்ல இத மாத்துங்க." எழுதிய தாளைக் கிழித்தார். "உங்கள யாரு வேலைக்குப் போவாதீங்கன்னு சொன்னது? கால் எவ்ளோ போயிருக்குதுன்றது ஒரு காயிதம். வருமானம் எவ்ளோன்றது வேற காயிதம். வருமானத்த மறைச்சு அப்புறம் தெரிஞ்சா, குடுத்தத திருப்பிக் கேப்பாங்க. நீங்களே சொன்னீங்கன்னா ஆள் வந்து வூட்டப் பாத்து எழுதுவாங்க."

"பென்ஷன் போயிடுமாங்க?" என்று முந்தானைக்குள்ளிருந்து என் மனைவி கேட்டாள்.

"போவும் போவாதுன்னு நான் சொல்ல முடியாதும்மா. ரிப்போர்ட்டப் பாத்துத்தான் முடிவு. கார்டு வேற ஆபீசு, அங்கயும் இதே பேச்சுதான். ஆனா இவரா வந்து சொன்னாருன்னு ஃபைல்ல இருக்கும். நாளைக்கு வேலை போச்சுன்னா அந்தக் காயிதத்தோட வாங்க."

எனக்கு எழுத வராது என்றேன். "பேச வருதில்ல, சொல்லுங்க" என்று புதுத் தாள் எடுத்து அவரே எழுதினார். எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், எல்லாம். கீழே கையெழுத்து மட்டும் நான் போட்டேன். மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷமும் அதைத்தான் பழகினேன். வியாழக்கிழமை வீட்டுக்கு ஆள் வரும் என்றார்.

வழியெல்லாம் என் மனைவி திட்டினாள். "ஊர்ல எல்லாருக்கும் வாய் இருக்குது. உனக்கு மட்டும் அதுக்குத் தனியா மோட்டார் வெச்சிருக்குது." மறுநாளே வீட்டைத் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டாள். எங்கள் தெருவில் அது வழக்கம். சரிபார்க்க ஆள் வந்தால் சாமான் எல்லாம் பக்கத்து வீட்டுக்கு விருந்து போய்விடும். போன வருஷம் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டில் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் ஐஸ் தண்ணீர்தான் குடித்தேன். இப்போது எங்கள் முறை. டிவிக்குப் பழைய புடவை போர்த்தினாள். மிக்சியை இடுப்பில் வைத்துக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் விட்டாள். "ஆள் வந்தா கால மாட்டாத, கட்டையோட வந்து நில்லு" என்றாள்.

நேற்று மதியம் அவள் எனக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். நான் கவனிக்கவில்லை. மைக்கில் அந்த மீன்காரம்மா பூனைக் கதையை, பூனைக்குப் பதில் புருஷன் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொண்டாட்டி திரும்பினால் புருஷன் வானத்தைப் பார்ப்பான், கடைக்குக் கூட்டிவந்து ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தால் பூமியைப் பார்ப்பான் என்று. கூட்டம் சிரித்தது. கூட்டத்தின் ஓரத்தில் கையில் தூக்குவாளியோடு என் மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள்! நாலு வருஷமாக வீட்டில் இதே கதைக்கு மிக்சியைப் போட்டவள். நான் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாளியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேலை போனா அந்தக் காயிதத்தோட வரலாம்னு அந்த மேடம் சொன்னாங்க இல்ல? நெஜமாத்தானே சொன்னாங்க?"

"எழுதியே வெச்சிருக்காங்க" என்றேன்.

காலி வாளிக்குக்கூட நிற்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இன்றைக்கு வியாழன். பாயிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கடைப் பேர் போட்ட சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, உள் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். செயற்கைக் கால் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது, பக்கத்தில் கக்கத்துக் கட்டை. தங்களில் யாரை நான் தொடுவேன் என்று இரண்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சமையலறையில் மிக்சி ஓடுகிற சத்தம். அடுத்த வீட்டிலிருந்து வருகிறதோ என்று காதைத் தீட்டினேன். இல்லை, எங்கள் மிக்சிதான். ஊரில் அது ஒன்றுதான் இருமிக்கொண்டே சட்னி அரைக்கும். எப்போது திரும்பி வந்தது?

ஆள் வருவதற்குள் போன ஞாயிறு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் இருப்பதிலேயே பெரிய கூத்து. கூட்டத்தில் ஒரு அம்மா அழாத குறையாக ஓடிவந்து, "அண்ணே, மருமவன் காணாமப் போயிட்டாரு, மைக்குல கூப்புடுங்க" என்றார். அடையாளம் கேட்டேன். பச்சைச் சட்டை, கொஞ்சம் பயந்த முகம் என்றார். நான் மைக்கை எடுத்து, "பச்சை சட்டை போட்ட, மாமியாருக்குப் பயந்த மருமவன் யாரா இருந்தாலும் உடனே வாசலுக்கு வரவும்" என்று சொன்னேன். சொல்லி வாயை மூடவில்லை, ஏழு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் சட்டை பச்சையே இல்லை. அவரிடம் நான் கேட்டேன், ஏன் சார்...

"யோவ்! வந்துட்டாங்கய்யா! கால மாட்டிக்கினு வா. அந்தக் கடை சட்டையவே போட்டுக்கினு வா, நல்லாத்தான் இருக்குது!"

இதோ, வரேன்.