வீரசிங்கம் பாஸின் வலது கை

மஹய்யாவையில் எங்கள் கராஜ் இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள். கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் போகும்போது வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் கழுத்து அந்தப் பக்கம் திரும்பிவிடும். காருக்கு அடியில் இறங்கி வேலை செய்வதற்கு என் வீட்டுக்காரர் வெட்டிய குழியை மூடி, மேலே பளபளவென்று டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். அந்தக் குழிக்குள் என் வாழ்க்கையில் பதினைந்து வருஷம் கிடக்கிறது. அதன்மேல் நின்றுகொண்டு பிள்ளைகள் முயல் காது வைத்த கவர் வாங்குவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள்மேல் என்ன தப்பு, சொல்லுங்கள். ஆனாலும் வரும்.

என் வீட்டுக்காரர் பெயர் வீரசிங்கம். வேலை தெரிந்த ஆளைப் பாஸ் என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். அதனால் ஊருக்கே அவர் வீரசிங்கம் பாஸ். கலஹா பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, தேயிலை ஃபெக்டரி மெஷின்களுக்கு கிரீஸ் பூசப் போனவர். பிறகு பல்லேகலையில் ஒரு வேர்க்ஷொப்பில் வருஷக்கணக்காக நின்று, ஓட்டோ கியர் கார்களின் கியர் பொக்ஸ் வேலையைப் பார்த்தே பிடித்துக்கொண்டார். நான் நிரஞ்சனி. மஹய்யாவையிலேயே பிறந்து வளர்ந்தவள், நகரசபைக்காரர் மகள். பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஏ.எல். வரை படித்தேன், இங்கிலீஷ் நன்றாக வரும். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம் என்ன, நிறையவே இருந்தது.

ஓட்டோ கியர் பொக்ஸின் அடியில் ஓர் ஒயில் தட்டு இருக்கும். சர்வீஸ் என்றால் அதைக் கழற்றிப் பழைய ஒயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, தட்டைத் திரும்பப் பூட்டவேண்டும். எங்களிடம் வந்த ஜப்பான் கார்களில் பலவற்றுக்கு அந்தத் தட்டில் பத்தொன்பது போல்ட். எல்லாம் சுண்டுவிரலைவிட மெலிசு. அவை போய் உட்காரும் மரையோ அலுமினியத்தில் வெட்டியது. இறுக்கம் குறைந்தால் ஒயில் ஒழுகும். கூடினால் தட்டு வளையும், மரை போகும், அதற்குப் பிறகும் ஒழுகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறதே, அதை அவருடைய வலது கை அறியும். எப்படித் தெரியுது என்று நூறு தடவை கேட்டிருப்பேன். "கை சொல்லும்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது, அந்த மனுஷனிடமிருந்து.

எங்கள் வேலை முறை இதுதான். அவர் குழிக்குள் நிற்பார். நான் குழியின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன், மடியில் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட நோட்டு. ஒவ்வொரு காருக்கும் கம்பெனி அச்சடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எங்கேயாவது தேடிப்பிடித்து, தேவையானதை அந்தக் கொப்பியில் எழுதி வைத்திருப்பேன். எத்தனை லீட்டர் ஒயில், எந்த ஒயில், எவ்வளவு சூட்டில் அளவு பார்க்க வேண்டும், எல்லாம். கீழேயிருந்து "எத்தனை?" என்று சத்தம் வரும். நான் சொல்வேன். "ம்" என்பார். கல்யாணம் கட்டி எனக்கு அவர் சொன்ன இனிப்பான வார்த்தை என்று பார்த்தால் அந்த "எத்தனை" ஒன்றுதான். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு ஸ்பானர், காரைத் தூக்கும் ஜக் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைக்கும்போது என் கொப்பியும் அவற்றோடு இருக்கும். அதை அவரே எடுத்து வைப்பார்.

டோர்க் ரென்ச்சை வாங்கியது நான். அக்குறணையில் நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் தாஸிமின் பார்ட்ஸ் கடையில் முதன்முதலாகப் பார்த்தேன். முழ நீளமான ஸ்பானர் மாதிரித்தான் இருக்கும். பிடியில் எண் இருக்கும். வேண்டிய எண்ணுக்குத் திருப்பி வைத்து இழுத்தால், போல்ட் அந்த அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புத்தகத்தில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் எண் இருப்பது எனக்குத் தெரியும். இனி அதையும் நான் வாசிக்கலாம் என்ற சந்தோஷத்தில் தூக்கிக்கொண்டு வந்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நீ வாங்கினா சரியாத்தான் இருக்கும் என்றார்.

அடுத்த நாள் ஓர் எஞ்ஜினியரின் கார் வந்தது. மனுஷன் போகாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறென்ன வேண்டும்? இங்கிலீஷ் புத்தகத்தை அவர் கண்ணில் படும்படி விரித்து வைத்துக்கொண்டேன். குழிக்குள்ளிருந்து "எத்தனை?" என்றார் இவர். "அறுபத்தொன்பது பவுண்ட்" என்றேன், உரத்த குரலில். அறுபத்தொன்பதில் வைத்து முதல் போல்ட்டை இழுத்தார். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். வரவில்லை. நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"போதும்னு கை சொல்லுதே, நிரஞ்சனி."

"புத்தகத்துல அறுபத்தொன்பதுன்னு அடிச்சிருக்கு. டக்குன்னு சொல்ற வரைக்கும் இழுங்க" என்றேன்.

இழுத்தார். போல்ட் தலை ஒடிந்து குழிக்குள் விழுந்தது. மிச்சம் உள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுத்து மரையைச் சரிசெய்ய மூன்று நாள் பிடித்தது. அந்த எஞ்ஜினியரிடம் இவர் கையைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டதை நான் ஸ்டூலில் இருந்தபடியே பார்த்தேன். அதற்கு முன்னால் அவர் யாரிடமும் அப்படி நின்றதில்லை. ரென்ச்சைத் துடைத்து அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று மட்டும் சொன்னார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

மறுநாள் காலை புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். அறுபத்தொன்பதுக்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்தில் அங்குலம் என்று போட்டிருந்தது. அங்குலக் கணக்கில் அறுபத்தொன்பது. எங்கள் ரென்ச்சோ அடிக் கணக்கு. ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். தாங்க வேண்டியதைப்போல் பன்னிரண்டு மடங்கு இழுக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த மெலிசுப் போல்ட்டை. நீல மையில் இங்கிலீஷில் எழுதியிருந்த கொப்பியில் கறுப்புப் பேனையால் 'அங்குலம்' என்று சின்னதாகச் சேர்த்தேன். கொப்பியை மூடினேன். அவரிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ரென்ச்தானே பழியைச் சுமக்கிறது, சுமக்கட்டும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஒன்பது வருஷமும் அவர் என்னிடம் "எத்தனை" என்று கேட்கவில்லை. ஒயில் அளவு தெரிய வேண்டுமென்றால் தாஸிம் நானாவுக்கு ஃபோன் எடுப்பார். நான் பக்கத்தில் நிற்க நிற்கவே எடுப்பார்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும், ஆனால் எந்த வாயால் கேட்பது? வேலையிலும் ஒரு மாற்றம் வந்தது. முன்பு ஒரு தடவை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வருகிறவர், இப்போது இறுக்கிய போல்ட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சிலதைக் கழற்றித் திரும்பப் பூட்டுவார். வயசாகிறது என்று நினைத்தேன். ஆயுத பூஜைக்கு ரென்ச்சும் வெளியே வரவில்லை, கொப்பியும் வரவில்லை.

நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து, அடுத்த தை மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம். பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தோம். கால் திரும்பி வந்தது, தோளும் வந்தது. விரல்கள் அசைந்தன, ஆனால் மரத்துப்போய்விட்டன. சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் பந்தை அமுக்கிப் பழகிவிட்டு, ஒருநாள் கராஜில் கிடந்த பழைய கியர் பொக்ஸில் ஒரு போல்ட்டை இறுக்கிப் பார்த்தார். மரை பொடியாகக் கொட்டியது. இன்னொன்றை இறுக்கினார். அதுவும் போனது. ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சாமானையெல்லாம் வாங்க ஆள் பார்க்கச் சொல்லி தாஸிமுக்குப் பேசு என்றார்.

வேலையை விட்டால் அந்த மனுஷன் பிழைக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டைச் சொல்லவில்லை. மகள் சஞ்சீவனி அப்போதே சம்பாதிக்கத் தொடங்கிவிட்டாள். கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தே ஆள் முடிந்துவிடுவார், அதைத்தான் சொல்கிறேன்.

நான் அக்குறணைக்குப் போனேன். ஆள் பார்க்கச் சொல்ல அல்ல. அங்குலக் கணக்கில் எண் போட்ட சின்ன ரென்ச் கேட்டேன். தாஸிம் நானா என்னைப் பார்த்தார், உள்ளே போய் எடுத்து வந்தார். "பாஸ் இத தொடுவாரா, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். தொடமாட்டார் என்று எனக்கும் தெரியும், ரென்ச்மேல் இருக்கும் பழி போகாதவரை.

வீட்டுக்கு வந்து ரென்ச்சையும் கொப்பியையும் அவர் மடியில் வைத்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து நீல எழுத்தைக் காட்டினேன், கறுப்பு எழுத்தைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் இரண்டு மை என்பது கண்ணுக்குத் தெரியும்தானே. அன்றைக்குப் போல்ட்டை உடைத்தது ரென்ச் இல்லை, நான்தான் என்று சொன்னேன். அங்குலத்தை விட்டுவிட்டு வாசித்ததையும், மறுநாளே தெரிந்துகொண்டு மறைத்ததையும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது.

அவர் இடது கை விரலால் அந்தக் கறுப்பு எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்போ அன்னைக்கு என் கை சரியாத்தான் சொல்லிச்சா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. அவர் ஒருநாளும் ரென்ச்மேல் பழி போடவில்லை. அச்சடித்த புத்தகம் பொய் சொல்லாது, நானும் பொய் சொல்லமாட்டேன், அப்படியென்றால் போல்ட் ஒடிந்தது தான் கோணலாக இழுத்ததால், போதும் என்று சொன்ன தன் கைதான் தப்பு என்று நினைத்திருக்கிறார். ஒன்பது வருஷம் தன் கையையே நம்பாமல் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். என்னிடம் "எத்தனை" என்று கேட்காததும், என் முன்னால் தன் கை தோற்றுவிட்டது என்ற வெட்கத்தில்தான். நான் அதை வயசு என்று நினைத்துக்கொண்டு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். கையில் உணர்வு இருந்த காலமெல்லாம் சந்தேகப்பட வைத்துவிட்டு, உணர்வு போன பிறகு வந்து அது சரி என்கிறேன். என்னைவிடப் பாவி யார் இருக்கிறார்கள்?

"சரியாத்தாங்க சொல்லிச்சு" என்றேன்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேர்ட்டை மாட்டிக்கொண்டு கராஜுக்குக் கிளம்பினார். எங்கள் பழைய வாடிக்கைக்காரர் அனுஷியா டீச்சரின் கார் தை மாதத்திலிருந்தே காத்துக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் கொடுக்கமாட்டேன் என்று அந்த அம்மா பழைய ஒயிலோடேயே ஓட்டிக்கொண்டிருந்தார். காரை வரவழைத்து, வீட்டுக்காரரைக் கைப்பிடித்துக் குழிக்குள் இறக்கினேன். தட்டைக் கழற்றி ஒயிலை வடித்தாயிற்று, ஆனால் திரும்பப் பூட்டும்போது போல்ட்டை மரையில் பிடிக்க வைக்க அவர் விரலுக்கு முடியவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு நானும் இறங்கினேன். ஒவ்வொன்றையும் ஒயில் இல்லாமல் துடைக்கச் சொன்னார், ஈரம் இருந்தால் வழுக்கிக்கொண்டு போய் எண் பொய்யாகுமாம். பிறகு விரலால் மட்டும் மூன்று சுற்று. பத்தொன்பதையும் நான் பிடித்து வைத்தேன்.

அவர் சின்ன ரென்ச்சைக் கையில் எடுத்தார். என்னைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எத்தனை?"

ஒன்பது வருஷம். "அறுபத்தொன்பது, அங்குலம்" என்றேன்.

"ம்" என்றார்.

முதல் சுற்று பாதி அளவு, இரண்டாம் சுற்று முழு அளவு. நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக வெளியே போனார். விரலுக்குத் தெரியாவிட்டாலும் தோளுக்குத் தெரிந்தது, காதுக்குக் கேட்டது. கடைசிச் சுற்றில் பத்தொன்பது டக். நான் எண்ணினேன். காருக்கு அடியில் பழைய பேப்பர் விரித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். காலையில் போய்ப் பார்த்தால் பேப்பரில் ஒரு சொட்டு இல்லை.

அன்றைக்கு ஆயுத பூஜை. சாமானையெல்லாம் கழுவி மேசையில் அடுக்கினோம். சின்ன ரென்ச்சின் எண்ணை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி, ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு இடது கையால் பொட்டு வைத்தார். பெரிய ரென்ச்சையும் அலுமாரியிலிருந்து எடுத்து வரச் சொன்னார். கொப்பியைக் கேட்டார். அதற்கும் வைத்தார். சூடம் காட்டப் போனேன், இரு என்றார். வலது கையை மேசையில், ஸ்பானர்களுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார்.

"இதுக்கும் வை."

சந்தனத்தைக் குழைத்துப் புறங்கையில் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். குளிருதா என்று கேட்டேன்.

"தெரியல" என்றார், சிரித்துக்கொண்டு. கையை எடுக்கவில்லை.