கையெழுத்து கேட்காத வீடு

மூன்று வருடங்களுக்கு முன், ஜொகூரில் தெப்ராவ் பக்கம் இருக்கும் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மதுக்கடை ஒன்று வரப்போவதாகத் தெரிந்தது. நான் நடத்தும் பாலர் பள்ளியிலிருந்து நாலே கடை தள்ளி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்சேப மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கி, கையெழுத்தும் ஐசி என்கிற அடையாள அட்டையின் எண்ணும் வாங்கினேன். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று யாரையும் விடவில்லை.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டைத் தவிர. அந்த வீட்டு அண்ணன் பேர்போன குடிகாரர். ஒரு தீபாவளிக்கு என் வாசல் சாக்கடையில் விழுந்து கிடந்தவர். அவரிடமா போய் மதுக்கடை வேண்டாமென்று கையெழுத்துக் கேட்பது? எனக்கே சிரிப்பு வந்தது. கேட்டைக்கூடத் தொடாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் மாலை அவரே என் வாசலில் நின்றார். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை, கையில் ஐசி.

"எல்லா வீட்டுக்கும் போனீங்களாம். எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் டீச்சர் வரல?"

வீடு பூட்டியிருந்தது என்று ஏதோ உளறினேன். அவர் கோபப்படவில்லை.

"குடிய விட்டு பதினோரு மாசம் ஆச்சு டீச்சர். பேக்டரி பஸ்சு என்னை அந்தக் கடை வரப்போற எடத்துலதான் எறக்கி விடும். தெனம் அதைத் தாண்டி வரணும். என்னால முடியுமான்னு தெரியல லா."

பதினோரு மாதம்! நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு எனக்கு அது தெரியவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அவர் கையெழுத்துப் போட்டு, ஐசி எண்ணை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுப் போனார்.

மனு பலிக்கவில்லை, கடை திறந்துவிட்டார்கள். எனக்கு அண்ணனின் முகம்தான் கண்ணில் நின்றது. சும்மா இருக்க முடியுமா? அன்றைக்கே பஸ் ஓட்டுநரைப் பிடித்து, பின்வழியாக வந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த மலாய்க்காரர் காரணம்கூடக் கேட்கவில்லை.

இன்றும் ஆறு மணிக்கு பஸ் என் வாசலில்தான் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கறிவேப்பிலை பறிக்கும் வேலை வந்துவிடும். "மரத்துல எல ஏதும் மிச்சம் இருக்கா டீச்சர்?" என்று கிண்டலடித்துக்கொண்டே நடந்து போவார்.

அன்று நான் தொடாமல் திரும்பிய கேட்டை அவர் திறந்து உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இவரையா எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன் என்று தினமும் என்னையே கேட்டுக்கொண்டு.