தினமும் இரண்டு மணிக்கு ஓர் இன்ரவியூ

போன ஞாயிற்றுக்கிழமை அல்லைப்பிட்டியில் ஒரு கோயில் நிறைந்த சனம் எனக்காக மன்றாடியிருக்கிறது. நான் அங்கே இல்லை. நான் கத்தோலிக்கனும் இல்லை. பூசை நடந்த நேரம் வீட்டில் பாணுக்குச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தேன்.

செய்தி திங்கள் காலையில்தான் வந்தது. பக்கத்து வீட்டு அன்ரனி அண்ணை கடலால் வந்து, நண்டு வலையை வேலியில் விரித்துக்கொண்டே சொன்னார். மன்றாட்டை எழுதிக் கொடுத்தது அவர் மனைவி ரீற்றா அக்காவாம். வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் வேலையில்லாமல் கஷ்டப்படும் சகோதரருக்கு நல்ல வழி பிறக்க வேண்டும் என்று... பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டுத் திரும்பிப் போகாத ஆள் இந்த ரோட்டில் நான் ஒருவன்தான்.

எனக்கு வேலை இருக்கிறதே அண்ணை, என்றேன்.

அவர் வலையிலிருந்து நிமிரவில்லை. "ஓம் தம்பி. கிடைக்கும். மனத்தை விடாதையும்."

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் ஒரு சின்னக் கம்பனி, பல் வைத்தியரிடம் நேரம் குறிப்பதற்கான செயலி ஒன்றை நடத்துகிறது. அதில் பிழை பிடிப்பது என் வேலை. சம்பளம்? லண்டனில் அதை வைத்து ஓர் அறைக்கும் பஸ்சுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே அதே சம்பளத்துக்கு இரண்டு அறை வீடு, முற்றத்தில் மூன்று தென்னை, ரோட்டைக் கடந்தால் கணுக்கால் ஆழத்தில் தொடங்கி எங்கேயோ போய் நிறம் மாறுகிற ஒரு கடல். வேர் தேடி வந்தவன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நான் பிறந்தது திருகோணமலையில். அல்லைப்பிட்டி இருக்கிற இந்தச் சின்னத் தீவில் எனக்கு ஒரு துண்டுக் காணியும் இல்லை, ஒரு மாமாவும் இல்லை. வாடகை கட்டுப்படியானது, காற்று பிடித்துப்போனது, இருந்துவிட்டேன். பாஸ்போர்ட் பிரிட்டிஷ். ஆக, தமிழ் பேசிக்கொண்டே வெளிநாட்டில் வாழ்கிறேன்.

சரி, வேலையிருக்கிறவனை ஏன் வேலையில்லாதவனாக்கினார்கள்?

ரீற்றா அக்காவின் குசினி யன்னலில் நின்று பாருங்கள். வெளிநாட்டுக்காரர் எப்படி வருவார்கள் என்று இந்த ரோட்டுக்குத் தெரியும். திருவிழாவுக்கு வருவார்கள், வாடகை வானில் வருவார்கள், மூன்று கிழமையில் போய்விடுவார்கள். நானோ சைக்கிள் ஓட்டுகிறேன். காலையில் கரையில் நடக்கிறேன், உடுப்புத் தோய்க்கிறேன், கதிரையைப் போட்டுக் கடலைப் பார்க்கிறேன். லண்டன் கண் விழிக்க இங்கே மத்தியானம் ஆகிவிடும் என்பது யன்னலுக்குத் தெரியாது.

பிறகு சரியாக இரண்டு மணி. கொலர் வைத்த சேட் போடுகிறேன். தலை இழுக்கிறேன். கதவைச் சாத்துகிறேன், காற்றுக்காக யன்னலை மட்டும் திறந்து விடுகிறேன். லப்டொப்பில் தெரியும் நாலு வெள்ளைக்காரருக்குப் பத்து நிமிடம் பணிவாக ஆங்கிலத்தில் பதில் சொல்கிறேன். சிரிக்கிறேன். தாங்க்யூ, தாங்க்யூ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு எழும்புகிறேன். அடுத்த நாள் திரும்பவும் சேட், சீப்பு, கதவு...

எங்கள் கம்பனியில் இதற்குத் தினக் கூட்டம் என்று பெயர். ரீற்றா அக்காவுக்கு இது வேறு. அவருடைய இரண்டு தம்பிமாரும் மூத்த மகனும் இப்படித்தான் சேட் போட்டு, தலை இழுத்து, எம்பசிக்காரருக்கும் ஏஜென்சிக்காரருக்கும் பதில் சொன்னார்கள். ஒன்றிரண்டு தரத்தில் பாஸாகிப் போயும் விட்டார்கள். நான் ஒன்றேகால் வருடமாக, கிழமைக்கு ஐந்து இன்ரவியூ பார்த்தும் ஒன்றிலும் தேறாதவன். மன்றாட்டு எழுதாமல் அந்த மனுசி என்ன செய்யும்?

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வியாழன் மூன்று மணிக்கு மனேஜரும் கணக்குப் பகுதிக்காரரும் என்னோடு பேச வேண்டுமாம், ஒப்பந்தத்தைப் பற்றி. கம்பனி சுருங்கிக்கொண்டிருக்கிறது, ஏற்கெனவே இரண்டு பேரைக் காணவில்லை. மாதாமாதம் வெளியிலிருந்து சம்பளம் வருகிறது என்று காட்டினால்தான் எனக்கு இங்கே விசா நீளும். வேலை போனால் விசா போகும். விசா போனால் நாற்பத்தெட்டு வயதில் மறுபடி லண்டன், மறுபடி ஓர் அறை, மறுபடி மழை.

எப்போது இதெல்லாம் என்னுடையதானது? சோளகக் காற்றில் யன்னல் அடித்துக்கொள்ளும் சத்தம், வலையில் காய்கிற உப்பு, வேலியால் எட்டிக் கேட்கிற கேள்விகள். இழக்கப் போகிறேன் என்றதும்தான் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடத் தோன்றியது.

புதன்கிழமை ரீற்றா அக்கா வேலிக்கு மேலால் ஒரு பார்சலை நீட்டினார். அழுத்தி மடித்த நீளக் காற்சட்டை. நான் தோற்பதற்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம்.

"குறை நினையாதையும் தம்பி. மேலுக்குச் சேட், கீழுக்குச் சாரம். எழும்பி நில்லும் எண்டு அவன் சொன்னால் என்ன செய்வீர்? இது அண்ணை பெருநாளுக்கு மட்டும் போடுறது. இடுப்புக் கொஞ்சம் பெரிசு, பெல்ற்றும் வைச்சிருக்கிறன்."

வேறு ஒரு கிழமையாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். வாங்கிக்கொண்டேன். நாளைக்கு மூன்று மணிக்கு முக்கியமான பேச்சு ஒன்று இருக்கிறது, உங்கள் நாயைக் கொஞ்சம் பிடித்துக் கட்ட முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

அவர் குரல் இறங்கியது. "நாளைக்குத்தான் பெரிசோ?"

"ஓம் அக்கா. நாளைக்குத்தான் பெரிசு."

பதினைந்து மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே விஷயத்தைப் பேசினோம்.

வியாழன் மூன்று மணி. அன்ரனி அண்ணையின் காற்சட்டையோடு உட்கார்ந்தேன். வெளியே... ஒன்றுமே இல்லை. எஞ்சின் திருத்துகிற சத்தம் இல்லை. ரேடியோ இல்லை. நாய் இல்லை. ஓர் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். காற்றுக்கு மட்டும்தான் யாராலும் சொல்ல முடியவில்லை.

மனேஜருக்கே அது வித்தியாசமாக இருந்தது. மைக் அணைந்துவிட்டதா என்று கேட்டாள். பிறகு, தினமும் குரைக்கிற அந்த நாய் எங்கே என்றாள். எனக்காக ரோட்டே அமைதியாக இருக்கிறது என்றேன். நம்பவில்லை. லப்டொப்பைத் தூக்கி யன்னல் பக்கம் திருப்பினேன்.

பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வரும் ஓட்டோ, பாட்டை நிறுத்திவிட்டு ரோட்டில் நின்றது. அதில் சாய்ந்தபடி பாண்காரர். ரீற்றா அக்கா நாயை மடியில் வைத்து வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். அன்ரனி அண்ணை இரண்டு கையையும் விரித்து, வந்த மோட்டார்சைக்கிள் ஒன்றை மறித்து, உருட்டிக்கொண்டு போகச் சொல்லிச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

மனேஜர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணக்குப் பகுதிக்காரர்கூடக் கொஞ்சம் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்து வாசித்தார். ஆறு மாதம் நீடிப்பு. அதே சம்பளம். சிரித்ததற்காகத் தந்தாரா? இல்லை, தாளில் அது முன்னமே எழுதியிருந்தது. இருந்தாலும் இரண்டுக்குப் பதிலாக நாலு தரம் தாங்க்யூ சொல்லிவிட்டுத்தான் லப்டொப்பை மூடினேன்.

கதவைத் திறந்தேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள். கேட்டது ரீற்றா அக்கா.

"கிடைச்சதோ?"

புதிதாகக் கிடைக்கவில்லை, இருந்தது போகவில்லை என்று விளக்கியிருக்கலாம். ஆனால், அந்த முகத்துக்கு முன்னால் விளக்கமா? "ஓம் அக்கா. கிடைச்சிட்டுது."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். நாய் துள்ளி ஓடியது. பாண்காரர் பாட்டைப் போட்டார். அன்ரனி அண்ணை என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். ஒரு நிமிடம் அந்த ரோட்டில் பெருநாள்தான்.

பிறகு ரீற்றா அக்காவின் முகம் மெல்ல மாறியது. "அப்ப... எப்ப வெளிக்கிடுறீர்?"

ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பூட்டு, பூட்டு, ஆள் இருக்கிற ஒரு வீடு, பூட்டு. இங்கே இன்ரவியூவில் தேறியவர்கள் எல்லோரும் போனவர்கள். கிடைத்தால் போய்விடுவேன் என்று தெரிந்துகொண்டுதான் அந்தப் பெண் எனக்காக மன்றாட்டு எழுதியிருக்கிறார்.

"போகேல்லை அக்கா. இஞ்ச இருந்துதான் வேலை."

"இஞ்ச இருந்தோ? இந்த வீட்டிலையோ?"

"ஓம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, கைவிடப்பட்ட ஒருவனைத் தேற்றும் குரலில் சொன்னார்.

"பரவாயில்லை தம்பி. லண்டன்காரர் கூப்பிடாட்டில் விடும். நீர் இஞ்சையே இரும்."

இத்தனை வருடத்தில் எந்த நாட்டு அதிகாரியும் எனக்கு இப்படி ஒரு விசா தந்ததில்லை.