கரிக்கோட்டுக்குள் அடங்கிய வீடு

ரங்கூனிலிருந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது எங்களுக்கென்று கொண்டுவந்தது முடிச்சுப் போட்ட ஒரு கயிறு மட்டும்தான். ஆம்பூரில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் அதை நீட்டிப் பிடித்து, அடுப்புக்கரியால் தரையில் நாலு பக்கமும் கோடு இழுத்தார்.

"இதான் நம்ம வீடு. இதுக்குள்ள இன்னா அடங்குதோ அத எடுத்துக்க. மிச்சத்த யாருக்காச்சும் குடுத்துடு" என்றார். பிறகு பழஞ்சோறு இருக்கிறதா என்று கேட்டார்.

அவர் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். மண்டி முதலாளிக்கு ரங்கூனில் ஒரு படகு இருந்தது. ஆற்றில் மேலே போய் ஊர் ஊராகத் தோல் வாங்கி, உப்புப் போட்டு அடுக்கிக்கொண்டு திரும்பும் படகு. அதன் பின்பக்கத்து அறையில் குடும்பத்தோடு இருந்துகொண்டு வேலையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். மெட்ராஸில் கப்பல் ஏறி, அங்கே இறங்கி, நேராகப் படகில் குடியேற வேண்டும். கயிற்றில் இருந்த முடிச்சுகள் அந்த அறையின் நீள அகலம். கரையில் வீடு என்று ஒன்று கிடையாது.

கொடுப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டிலைக் கேட்டு வந்தவள் அதன் கயிறு தளர்ந்திருக்கிறது என்று குறை சொல்லிவிட்டு எடுத்துப்போனாள். ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு போனவர்கள் வாசற்படியைப் பெயர்த்துவிட்டார்கள். யாருமே "எனக்குக் கொடு" என்று கேட்கவில்லை. "நீ வர்ற வரைக்கும் நான் வெச்சிருக்கேன்" என்றுதான் கேட்டார்கள். நான் வரப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒவ்வொருத்தியிடமும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

கோட்டுக்குள் ஒன்றொன்றாகச் சேர்ந்தது. இரண்டு பாய், சோற்றுப்பானை, குழம்புச்சட்டி, அரிக்கேன் விளக்கு, அவருடைய கத்திப்பை. ஓரமாக என் தகரப்பெட்டி. விரிஞ்சிபுரத்தில் என் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது. ஆம்பூர் வீட்டில் முழுக்க முழுக்க என்னுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். பெட்டிக்குப் பக்கத்தில் எங்கள் பெண் படுத்துக் காலை நீட்டி அளந்து பார்த்தாள். "சின்னம்மா, நான் இங்க படுத்துக்கறேன்" என்றாள். பாவாடையெல்லாம் கரி. அதையும் நான்தான் துவைத்தேன்.

அவள் என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. நான் இரண்டாந்தாரம். நான் வாழ வந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு என் முந்தானையைப் பிடித்தவள், கொஞ்சம் வளர்ந்த பிறகும் அதைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள்.

அவளைப் பெற்றவள் உத்தரத்தில் தொங்கிய ஓலைப்பெட்டிக்குள் இருந்தாள். சுமங்கலியாகச் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டிலேயே வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வருஷத்துக்கு ஒரு முறை பெட்டியை இறக்கி, புதுச்சேலை வைத்துப் படைத்து, உள்ளே இருக்கும் பழைய சேலையை வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பார்கள். அந்த வீட்டுப் பெண் நான். எனக்கென்று தனியாகச் சேலை எடுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. அதனால் நான் உடுத்திய நல்ல சேலை எல்லாமே அவள் ஒரு வருஷம் வைத்திருந்து கொடுத்ததுதான். எவ்வளவு துவைத்தாலும் சாம்பிராணியும் காய்ந்த பூவும் மணக்கும். என் உடம்பே அவள் வாசனையாகிப் போயிருந்தது.

"பொட்டிய அவங்க அக்காகிட்ட குடுத்துடலாம். கடல் தாண்டி சாமிய எங்க தூக்கிக்கினு போறது?" என்றார் வீட்டுக்காரர். உள்ளதைச் சொன்னால், எனக்கு அப்பாடா என்றிருந்தது. அவளாவது கரையில் நிம்மதியாக இருக்கட்டும், நானாவது தண்ணீரில் நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைத்தேன்.

சொல்லியனுப்பியதும் அந்த அக்கா ஆலங்காயத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். மடியில் ஒரு மூட்டை. தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் கரிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொட்டிய நான் எடுத்துக்கினு போறேன். ஆனா அதுக்கு வெளக்கேத்த ஆள் வேணுமே. அவ வயித்துல பொறந்தவ கையாலதான் ஏத்தணும். பொண்ணையும் என்கூட அனுப்பிடுங்க. தண்ணில வுட்டு வளக்கறதுக்கு அது இன்னா வாத்தா?"

வீட்டுக்காரர் யோசித்தார். கோட்டைப் பார்த்தார். "அதுவும் சரிதான். ஒரு ஆள் கம்மின்னா எடமும் தாராளமா இருக்கும்" என்றார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

பெண் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வளர்த்தவளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது? பெற்றவளுடைய அக்கா கேட்கிறாள், பெற்ற தகப்பன் தலையாட்டுகிறார். வழக்கம் முழுக்க அவர்கள் பக்கம்தான். என் பக்கம் வரக்கூடியவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கட்டிலைத்தான் கொடுத்தாயிற்றே, ஏறி நிற்கவும் ஒன்றும் இல்லை. என் தகரப்பெட்டியை இழுத்துப்போட்டு, அதன்மேல் ஏறி ஓலைப்பெட்டியை அவிழ்த்து இறக்கினேன். கோட்டுக்குள், தகரப்பெட்டி இருந்த இடத்தில் வைத்தேன். பெண் படுக்க அளந்த இடம் அப்படியே இருந்தது. தகரப்பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒரு பழந்துணியில் கொட்டி முடிந்துகொண்டு, வெறும் பெட்டியைக் கோட்டுக்கு வெளியே காலால் தள்ளினேன்.

"அவளும் எங்ககூட வர்றா, அக்கா. பொண்ணு வெளக்கேத்துவா. எண்ண நான் ஊத்தறேன்" என்றேன்.

"கடல் தாண்டியா?" என்றாள் அக்கா.

"பொண்ணு தாண்டும்போது பெத்தவ தாண்ட மாட்டாளா?"

அக்கா வெறும் தகரப்பெட்டியையும் என் துணிமூட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அந்த ரூம்புல அவளும் இருந்தா உனக்கு எடம் பத்துமா?"

"இந்த வீட்டுல இத்தினி வருஷம் பத்துச்சே."

அதற்கு மேல் எனக்கு நிற்கத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வாதாட இன்னும் யாராவது வந்திருந்தால் என்னையே தூக்கிக் கொடுத்திருப்பேன், அப்படி ஓர் அசதி. வீட்டுக்காரர் மட்டும், அறையில் இனி நடக்க இடமிருக்காது என்று முனகினார்.

அக்கா மடிமூட்டையை அவிழ்த்தாள். வாலாஜாபேட்டை நெசவு, அரக்குச் சேலை. தங்கைக்குப் படைக்க எடுத்து வந்தது. வாங்கி, வழக்கப்படி ஓலைப்பெட்டியின் மூடியைத் திறக்கப் போனேன். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதுக்குள்ள வெக்காத. இத நீ கட்டிக்க. அவளுக்கு நான் சொல்லிக்கறேன்."

மறுநாள் ரயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டேன். கஞ்சி விறைப்பு இடுப்பில் உறுத்தியது. வண்டி கிளம்பியதும் பெண் வழக்கம்போல என் முந்தானையை எடுத்துக் கையில் சுற்றினாள். சுற்றியவள் மூக்கருகே கொண்டுபோய் மோந்துபார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இது யாரோட சேல, சின்னம்மா?"

"என்னோடது" என்றேன்.